அலவாங்கும் அரைவாழ்வும்

ஆசிரியர் வீட்டிலே மார்கழி விடுமுறை எவ்வாறு கழியும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். மேசைமீது விடைத்தாட் கட்டுகள் குவிந்து கிடக்கும். வெளியே மாரி மழை விடாது பொழியும். ஆசிரியர் சிவப்பு மைப் பேனாவும் கையுமாய் அமர்ந்திருப்பார். சென்ற மார்கழியிலும் மழைக்குக் குறைவில்லை, விடைத்தாள்களுக்கும் குறைவில்லை. ஆயினும் நாம் அவற்றை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, சில மாலைப்பொழுதுகளை ஒரு கணினி விளையாட்டிலே போக்கினோம். அதுவும் எத்தகைய விளையாட்டு? துப்பாக்கியும் வெடிகுண்டும் வேற்றுலகப் பிராணிகளும் நிறைந்த விளையாட்டு. இதனைக் கேட்டு எம்மிடம் பௌதிகவியல் கற்கும் மாணவர்கள் நகைப்பார்கள். அவர்தம் பெற்றோர் முகஞ்சுளிப்பார்கள். இரு சாராருக்கும் நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுவது நன்று.

காரியம் வகுப்பறையிலே தொடங்கியது. உயர்தர வகுப்பிற் கதிர்த்தொழிற்பாடு பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளொன்றின் அணுக்களிற் பாதி தேய்ந்துபோக எடுக்குங் காலமே அதன் அரைவாழ்வுக் காலம். அயடீன்-131க்கு அது எட்டு நாள். காபன்-14க்கு ஏறத்தாழ 5,730 ஆண்டு. யுரேனியம்-238க்கு ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. தேய்வு மாறிலியைக் குறிக்கும் இலம்டா என்ற கிரேக்க எழுத்தைக் கரும்பலகையில் எழுதி, அதனைச் சுற்றி வட்டமும் இட்டோம். பின் வாங்கிலே ஒரு சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவனை எழுப்பிக் காரணம் கேட்டோம்.

"ஒண்டுமில்லை, சேர். நீங்கள் கீறினது ஒரு கேமின்ரை அடையாளம்" என்றான்.

விளையாட்டின் பெயரை விசாரித்தோம். 'ஹாஃப்-லைஃப்' என்றான். அதாவது, நாம் கற்பித்துக்கொண்டிருந்த அதே அரைவாழ்வு!

சில நாட்களின் பின் எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கிளிநொச்சி அறிவியல்நகரிலே பொறியியல் கற்பவர். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020இல், இணையவழி வகுப்புகளுக்காக நாம் வாங்கிய கணினிக்கு நோய் வரும்போதெல்லாம் அவரே வைத்தியர். வகுப்பறைக் கதையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"சேர், அது என்னட்டை இருக்கு. ஒருக்கா விளையாடிப் பாருங்கோ. அதிலை வாற ஆளும் பௌதிகவியல் படிச்சவர்தான்."

பௌதிகவியல் கற்றவர் ஒருவரைக் கதாநாயகராகக் கொண்ட கதைகள் உலகில் எத்தனை உள? ஆசை யாரை விட்டது! இசைந்துவிட்டோம்.

விளையாட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் வேலைபார்த்த கேப் நியூவெல், மைக் ஹரிங்டன் என்னும் இருவர் 1996இல் அமெரிக்காவில் 'வால்வ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடைய முதல் விளையாட்டு இது. 1997 இறுதியில் வெளிவந்திருக்கவேண்டியது. செய்து முடித்ததைத் தாமே விளையாடிப் பார்த்தார்கள், மனத்துக்குப் பிடிக்கவில்லை. பெரும்பகுதியைக் கைவிட்டு மேலும் ஓராண்டு உழைத்துப் புதிதாக அமைத்து, 1998 நவம்பரிலே வெளியிட்டார்கள். (ஒருமுறை எழுதிய கட்டுரையை மறுமுறை வாசித்துப் பார்க்கவும் மனமில்லாத மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.) கதையை அமைத்தவர் மார்க் லெய்ட்லோ என்னும் நாவலாசிரியர். 25 ஆண்டு நிறைவையொட்டி 2023 நவம்பரிலே சில நாட்கள் இவ்விளையாட்டை இலவசமாக வழங்கினார்கள். எம் பழைய மாணவர் பெற்றுக்கொண்டது அப்பொழுதுதான்.

சுடும் விளையாட்டுக்கும் விஞ்ஞானக் கற்பனைக்கும் உள்ள உறவு பழையது. 1962இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து இளைஞர்கள், ஸ்டீவ் ரசல் என்பவரை முதன்மையாகக் கொண்டு, 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை ஆக்கினர். நடுவிலே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் வீழ்ந்துவிடாது சுழன்றுகொண்டே இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். 1993 டிசம்பரிலே 'டூம்' வந்தது. செவ்வாய்க் கிரகத்தின் சந்திரர்களிலே நடக்கும் கதை. சுடுபவனுடைய கண்ணாலேயே உலகைக் காட்டும் முறை அதன் மூலமே எங்கும் பரவியது. அமெரிக்க அலுவலகங்களிலே வேலையை விட்டு அதனை விளையாடிக்கொண்டிருந்த அந்நாட்களில், யாழ்ப்பாணத்தில் 1990 தொடக்கம் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலே படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 'ஹாஃப்-லைஃப்' வெளிவந்த 1998இல் நாம் உயர்தர மாணவர். கணினி என்பதைப் படத்திலே பார்த்திருந்தோம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். முதல் நாள் மாலை, பழைய மாணவர் ஒருபுறமும் பத்தாம் வகுப்பிற் கற்கும் எமது மகன் மறுபுறமுமாக, நாம் நடுவில் அமர்ந்தோம். இடக்கையின் விரல்கள் நான்கு எழுத்துக்களின்மீது நிற்கவேண்டும்; அவை நடப்பதற்கு. வலக்கை மவுசைப் பிடிக்கவேண்டும். அது பார்ப்பதற்கும் சுடுவதற்கும். நடக்க நினைத்தால் முகட்டைப் பார்த்தோம். திரும்ப நினைத்தாற் சுவரில் முட்டினோம். கால்மணி நேரத்திலே தலைசுற்றியது. கண் அசைவைக் காண்கிறது, உட்செவியோ நாம் கதிரையில் அசையாதிருப்பதாகச் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் வரும் மயக்கம் அது என்று மகனுக்கு விளக்கினோம். "அப்பா, முதல்லை நேராய் நடவுங்கோ" என்றான்.

கதாநாயகர் பெயர் கோர்டன் ஃப்ரீமன். வயது 27. மேற்கூறிய மசாசூசெற்ஸ் நிறுவகத்திலே கோட்பாட்டுப் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தின் அடியில் அமைந்த 'பிளாக் மேசா' என்னும் ஆராய்ச்சி நிலையத்திலே வேலை. தொடக்கத்திற் சில நிமிடங்கள் துப்பாக்கியும் இல்லை, பகைவரும் இல்லை. ஒரு தொங்குவண்டி அவரை நிலத்தினடியே வேலைக்குக் கொண்டுசெல்கிறது. நாம் யன்னலாற் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். காவலாளி கதவு திறக்கிறார். வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானிகள் தாமதித்து வந்தமைக்குக் கடிந்துகொள்கிறார்கள். யாழ் நகருக்குப் போகும் காலை வண்டியிலே அமர்ந்து வேலைக்குச் செல்பவர்களின் மனநிலை எதுவோ, அதுவே எமக்கும் உண்டாயிற்று. இதிலே ஒரு நுட்பம் உண்டு. கதை முழுவதிலும் காட்சி எமது கண்ணைவிட்டு நீங்குவதில்லை. எமது பாத்திரமோ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. யாருடைய கதையோ என்று ஒதுங்கியிருக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

பின்பு பரிசோதனை. 'எதிர்த்திணிவுத் திருசியமானி' என்பது கருவியின் பெயர். அப்படியொரு கருவி உலகில் இல்லை. எம் மாணவர்கள் அதனை விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம். ஒரு பளிங்குத் துண்டை வண்டியில் வைத்துக் கதிர்க்கற்றைக்குள் தள்ளச் சொல்கிறார்கள். மேலதிகாரிகள் அவசரப்படுத்துகிறார்கள். தள்ளுபவர் நாமேதான். தள்ளினோம். வானம் கிழிந்தாற்போல் ஒளி பீறிட்டது. வேறோர் உலகத்துக்கும் இவ்வுலகத்துக்கும் நடுவே வாயில் திறந்துவிட்டது. அதன் வழியே தலையிலே பாய்ந்து பற்றும் நண்டு போன்ற பிராணிகளும் பிறவும் வந்து சேர்ந்தன. செய்த கை எமது கை என்பது அன்றிரவு நெடுநேரம் மனத்தை விட்டகலவில்லை.

இடிபாடுகளுக்கிடையே கதாநாயகருக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம் எது? கலாநிதிப் பட்டம் பெற்றவரின் கையிலே வந்து சேர்வது ஓர் அலவாங்கு! ஆம், எமது கிணற்றடியிலே சாத்திவைத்திருக்கும் அதே சாதிப் பொருள்தான். சற்றுக் கட்டையானது, சிவப்பு வர்ணம் பூசியது, முனை வளைந்தது. இப்பெயர் போர்த்துக்கீசர் எமக்கு விட்டுச்சென்ற சொல். திரையிலே அதனைக் கண்டதும் மகன் சிரித்தான். அவன் அறிந்த அலவாங்கு தேங்காய் உரிப்பதற்கு நிலத்திலே நாட்டுவது. நாம் அறிந்தது வேறு. 1990இல் எமது தந்தையார் அதே அலவாங்கால் வளவிலே பதுங்குகுழி வெட்டினார். வலிகாமத்து நிலம் எத்தகையது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இரண்டடி செம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் ஆரம்பித்துவிடும். முனை மழுங்க மழுங்கக் கொல்லன் பட்டறைக்குத் தோளிற் சுமந்து சென்றவர் நாம். 'ட' வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி பரப்பி, மண்மூடை அடுக்கினோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கிப் போனபொழுது அலவாங்கைக் கிணற்றடியிலேயே விட்டுச் சென்றோம்; 1996இல் திரும்பிவந்தபோது அது அங்கேயே கிடந்தது. 2002இற் சமாதானம் என்றார்கள். குழியைத் தூர்த்து ஒரு தேசிமரம் நட்டோம். இவற்றையெல்லாம் மகனுக்குச் சொல்லத் தொடங்கினோம். அவன் திரையைக் காட்டி, "அப்பா, பின்னாலை வருகுது, அடியுங்கோ" என்றான்.

இரண்டாம் நாள் பெரும்பாலும் கணக்கிலே கழிந்தது. பாய்ந்து விழும்போது வேகம் மிகையாகத் தோன்றியமையால், பழைய மாணவரை விசாரித்தோம். விளையாட்டினுள்ளே ஈர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 800 அலகு என்றும், ஆளின் உயரம் 72 அலகு என்றும் சொன்னார். ஆளை ஆறடி எனக் கொண்டால் ஓர் அலகு ஓரங்குலம். 800 அங்குலம் ஏறத்தாழ 20.3 மீற்றர். பூமியிலோ 9.8. எனவே பிளாக் மேசாவிலே எல்லாப் பொருளும் பூமியிலும் இரு மடங்கு நிறை உடையன! உண்மையான ஈர்ப்பை இட்டாற் பாய்பவர் பஞ்சுபோல் மிதப்பதாகத் தோன்றும் என்பதாற் போலும் இவ்வாறு செய்தனர். மெய்யானதை மெய்யெனத் தோன்றச் செய்வதற்குச் சிறிது பொய் கலக்கவேண்டியிருக்கிறது. இக்கணக்கை அடுத்த தவணைப் பரீட்சையில் வினாவாக இடுவதற்கு எண்ணியிருக்கிறோம். பத்திரிகை வாசிக்கும் மாணவருக்கு இது முன்னறிவிப்பு.

மூன்றாம் நாளிலேதான் விளையாட்டு விளையாட்டாயிராது போயிற்று.

நிலத்தினடியே அகப்பட்ட விஞ்ஞானிகள், மேலே பட்டாளம் வந்துவிட்டது, எம்மைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு நடைகூடத்திலே தூரத்திற் படைவீரன் ஒருவன் தோன்றுகிறான். வெள்ளை அங்கிக்காரர் ஒருவர் கைகளை உயர்த்தியபடி, காப்பாற்ற வந்துவிட்டீர்களே என்று நன்றி கூறிக்கொண்டு ஓடுகிறார். வீரன் அவரைச் சுட்டு வீழ்த்துகிறான். நடந்ததை வெளியே சொல்ல யாரும் எஞ்சக்கூடாது என்பது அவர்களுக்கிட்ட கட்டளை. வேற்றுலகப் பிராணி ஒருபுறம், காக்க வந்தவர் மறுபுறம், நடுவிலே படித்த மனிதன் ஒருவன் அலவாங்கோடு நிற்கிறான்.

நாம் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டோம். அறையிலே பேச்சில்லை.

இவ்விடத்தில் ஜேர்மனி நாட்டிற் செய்த ஒரு மாற்றத்தைச் சொல்லவேண்டும். இளைஞரைக் காக்கும் சட்டங்கள் கடுமையான நாடு அது. அங்கே விற்ற 'ஹாஃப்-லைஃப்' பிரதியில் படைவீரர்கள் யந்திர மனிதர்களாக மாற்றப்பட்டிருந்தனர், இரத்தம் நீக்கப்பட்டது, சுடப்பட்ட விஞ்ஞானி இறப்பதில்லை, நிலத்திலே அமர்ந்து தலையை ஆட்டுவார். 2017 வரை இந்நிலை நீடித்தது. பிள்ளைகள்மேற் கொண்ட அக்கறையை நாம் மதிக்கிறோம். எனினும் எமது மனம் அதற்கு இசையவில்லை. யந்திரம் கொல்லும் என்று காட்டுவது இலகு. இவ்விளையாட்டின் வீரர்களோ தமக்குள் வானொலியிற் பேசிக்கொள்கிறார்கள், முறைப்படுகிறார்கள், ஒருவன் சுடும்போது மற்றவன் பக்கவாட்டாய் வந்து குண்டெறிகிறான். மனிதரே செய்கிறார்கள் என்பதுதான் கதையின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொம்மைச் சண்டை. அமெரிக்காவில் இதனை 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கென வகுத்திருக்கிறார்கள். அதுவே பொருத்தமெனத் தோன்றுகிறது. அன்றிலிருந்து மகனைப் புத்தகத்தோடு அடுத்த அறைக்கு அனுப்பினோம். அவனுடைய நண்பர்கள் கைப்பேசியிலே விளையாடும் 'பப்ஜி'யில் 100 பேர் ஒரு தீவிலே இறங்கி, ஒருவர் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்கிறார்களாம். தீவிலே வாழும் எமக்கு அது பிடிக்காமற் போனதில் வியப்பில்லை. அதிலே ஓடிவந்து நன்றி சொல்லும் விஞ்ஞானி இல்லை. யாரும் யாருக்கும் ஒன்றும் அல்லர்.

பழைய மாணவர் சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வன்னியிற் பிறந்தவர். 2009இன் பின்னரே அவருடைய குடும்பம் மானிப்பாய்க்கு வந்தது.

"தம்பிக்கு இது ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டோம்.

"எனக்கு அப்ப ஆறு வயது, சேர். முகங்கள் ஞாபகம் இல்லை, சத்தம் மட்டும் ஞாபகம்." பின்பு மேசையிலிருந்த ஒலிபெருக்கியின் திருகியைத் தொட்டார். "இதிலை சத்தத்தை நான் நிப்பாட்டலாம்."

அதற்குமேல் நாம் கேட்கவில்லை. அவரும் விளையாட்டுகள் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். வால்வ் நிறுவனத்தார் தம் விளையாட்டை மற்றவர் திருத்தி அமைப்பதற்குக் கருவிகளையும் கொடுத்தார்கள். அதனைக்கொண்டு, வியட்நாமிற் பிறந்து கனடாவில் வளர்ந்த மின் லே என்னும் பல்கலைக்கழக மாணவர், ஜெஸ் கிளிஃப் என்னும் தோழரோடு 1999இல் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' என்பதை ஆக்கினார், உலகெங்கும் பரவியது. எமது பிள்ளைகளும் செய்யட்டும் என்றோம். பௌதிகவியலை விட்டுவிடாது செய்யட்டும்.

நான்காம் நாள் தனியே விளையாடினோம். ஓரளவு கைபழகியிருந்தது. நிலத்தடியிலிருந்து வெளியேறி ஓர் அணைக்கட்டின் மேல் வந்து நின்றோம். உலங்குவானூர்தி ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டுச் சுடத் தொடங்கியது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்க எமக்குத் தோன்றவில்லை.

எமது தாயார் விறாந்தையிலிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். வயது எழுபத்தாறு, நினைவிலே ஒரு குறையுமில்லை, சங்கக்கடைக் கணக்கை இன்றும் மனத்திலே கூட்டுபவர்.

"தம்பி, ஹெலி! பிள்ளையையும் இழுத்துக்கொண்டு உள்ளுக்கை ஓடு!"

குரல் கேட்டு நாம் வெளியே வந்தபோது விறாந்தையில் அவர் இல்லை. சுளகு கவிழ்ந்து முருங்கையிலை எங்கும் சிதறிக் கிடந்தது. கொட்டும் மழையிலே, வளவின் மூலையில், தேசிமரத்தடியிலே நின்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குழி இல்லை. அவரும் அதனை அறிவார். அறிவு போய்ச் சேருமுன் கால் போய்விட்டது. தோளைப் பற்றி அழைத்துவந்தோம். தலையைத் துவட்டிக்கொண்டே, "என்ன விசர் எனக்கு" என்று சிரித்தார். ஆனாற் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.

அரைவாழ்வுக் காலம் ஒன்று கழிந்தாற் பாதி எஞ்சும், இன்னொன்று கழிந்தாற் காற்பங்கு, பின் அரைக்காற்பங்கு. கணக்கிலே அது ஒருபோதும் பூச்சியமாவதில்லை என்று வகுப்பிலே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அன்றிரவு அந்த வாக்கியம் வேறாகக் கேட்டது. தாயாரிடம் எஞ்சியிருப்பது எத்தனையில் ஒரு பங்கு என்று அளக்க எம்மிடம் மானி இல்லை. எம்மிடம் எஞ்சியிருப்பதையும் நாம் அளந்ததில்லை. பதினான்கு வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாமும் ஓடியவர்தானே! ஆனால் அணைக்கட்டிலே நின்றபோது எமக்கு ஏற்பட்டது பயமன்று, எவ்விடம் பதுங்கலாம் என்ற பழைய கணக்கே.

மறுநாட் காலை யாழ் நகருக்குச் சென்று ஒரு காதணி ஒலிகேட்பான் வாங்கிவந்தோம். விளையாட்டை அடியோடு விடுவதாகவே எண்ணியிருந்தோம், தாயார்தாம் விடவில்லை.

"என்ன அது, எனக்கும் காட்டு" என்று கதிரையை இழுத்துப் போட்டு அருகிலே அமர்ந்தார். சத்தத்தை முற்றாக நிறுத்தி, துப்பாக்கி எதுவும் வேண்டாமென்று அலவாங்கைக் கையிலெடுத்து, ஆளில்லாத நடைகூடங்களிலே கோர்டன் ஃப்ரீமனை நடத்திக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஆர் இந்தப் பெடியன்?"

"படிச்ச பெடியன், அம்மா. விஞ்ஞானி."

"பின்னை ஏன் அலவாங்கோடை திரியிறான்?"

கதையைச் சுருக்கிச் சொன்னோம். பட்டாளத்தார் சுட்ட இடத்தைச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கடைசியிலை வீட்டை போய்ச் சேர்ந்தானோ?"

முடிவு எப்படியென்று பழைய மாணவர் எமக்கு முன்னரே சொல்லியிருந்தார். விஞ்ஞானிக்கு வீடு கிடைப்பதில்லை.

"இன்னும் இல்லை, அம்மா" என்றோம். "நடந்துகொண்டிருக்கிறான்."

"மழைக்கு முன்னம் போகச்சொல்லு" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். நாமும் விடைத்தாட் கட்டை அவிழ்த்தோம்.